முதுகு வளையாத வீடு

செருப்பு தாறுமாறாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. நீங்கள்கூட ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தீர்கள். விசாரணைக்கு வந்தவர் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் என் அப்பா தொடங்கியது. பனிக்கடல் சேற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து அவர் பிரித்தெடுத்த நொதிக்கு, அதாவது என்சைமுக்கு, இன்றும் அவர் பெயர்தான். சாதாரண நொதி குளிரில் விறைத்துப்போய் வேலையை நிறுத்திவிடும். குளிர்நொதியின் கட்டு தளர்வானது. நெளிந்து கொடுத்து உழைக்கும். ஆனால் லேசாகச் சூடுபட்டாலே உருக்குலைந்துவிடும். எங்களுடையது மட்டும் சூட்டிலும் நிற்கும் என்று அப்பா நிறுவினார். நான் கட்டிக்காத்தேன். என் மகன் அதைக் கொண்டுதான் சபையில் தலைநிமிர்ந்தான்.

மருமகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். விடுமுறைக்கு முந்தைய நாள் மதியம் என் முன்னால் வந்து நின்றாள்.

“மாமா, சூட்டுல நிக்கிறது நம்ம நொதி இல்ல. கூடவே வளர்ந்த வேற பாக்டீரியாவோடது. தாத்தா காலத்துலயே கலந்திருக்கு.”

“இத்தனை பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்.”

“நம்மளுதும் மத்த குளிர்நொதி போலத்தான். நெளிஞ்சு குடுக்கிறதாலதான் குளிர்ல பிழைக்குது. நீங்களும் கொஞ்சம் நெளிஞ்சு குடுங்க மாமா. லீவு முடிஞ்சதும் கூட்டத்துல நானே பக்குவமா சொல்லிடறேன்.”

எங்கள் வம்சத்தில் யாருக்கும் முதுகு வளைந்ததில்லை என்றேன்.

“அதான் எல்லாருக்கும் முதுகுவலி” என்று சிரித்துக்கொண்டே, மாதிரிகளை எடுக்க உறைபனி அறைக்குள் போனாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கம்பளிக் காலணி மாட்டிக்கொள்வார். செருப்பு கிடந்தால் காவலாளி வெளித்தாழ்ப்பாளைப் போடமாட்டார்.

அவள் செருப்பை எடுத்து அலமாரியில் ஒழுங்காக வைத்தேன். அவ்வளவுதான்.

காவலாளி வெறும் வாசலைப் பார்த்தார், தாழ்ப்பாள் போட்டார். “எல்லாரும் கெளம்பியாச்சா ஐயா?”

“நான் இருக்கேன். நீ போ.”

அதில் பொய் இல்லை. அவர்மேல் பழி போடாதீர்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவருகே உட்கார்ந்தேன். தட்டினாள். காதை ஒட்டிவைத்தால் குரல் கேட்டது.

“தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. திறந்துடறேன்” என்றேன். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

இன்னும் இரண்டு தடவை தட்டினாள். பிறகு, “நம்ம நொதியைத் தனியா பிரிச்சு ஒரே ஒரு தடவை சூடுபண்ணிப் பாருங்க மாமா” என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். அதன்பின் அவள் தட்டவில்லை.

மகன் என் முகத்தில் விழிப்பதில்லை. விழிக்க வேண்டாம், தலைநிமிர்ந்து நடந்தால் போதும். கொன்றது நான்தான் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கதவைத் திறந்தபோது முதுகு வளைந்து சுருண்டு கிடந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் எங்கள் வீட்டுப் பெண்.