பௌர்ணமி ரேட்டு

சென்னை தீம் பார்க்குக்குப் புறப்பட்ட கணவன், மனைவி, மகள் மூவரும் பேருந்து நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்கள். அங்கே ஓட்டல் அறை பதிவு செய்து கொடுத்த மனைவியின் தம்பி மட்டும் வரவில்லை. வீட்டைக் கிரிவலத்துக்கு வந்த பெங்களூர்க்காரர்களுக்கு அன்றிரவு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

“யப்பா, பஃபேல ஐஸ்கிரீம் எத்தினி வாட்டி வாங்கலாம்?”

“எத்தினி வேணா. ரூம் வாடகையிலயே சேர்த்தி.”

மனைவி கைப்பேசியைப் பார்த்தாள். “ஏங்க, எந்தம்பி ரூமு நாளைக்கில்ல போட்டிருக்கான்? இன்னிக்கு எங்க படுக்கிறது?”

“நம்ம வூட்லதான்.”

“அதான் வுட்டுட்டீங்களே!”

“அப்ப லாட்ஜ்ல?”

“பௌர்ணமிக்கு லாட்ஜா? வெளியூர்க்காரன் மாதிரி கேக்கிறீங்க.”

கணவர் தன் வீட்டிலிருந்த பெங்களூர்க்காரர்களைக் கைப்பேசியில் அழைத்தார். “சார், நான் ஹவுஸ் ஓனர் பேசறங்க. ஹால்ல ஓரமா மூணு பேர் படுத்துக்கலாங்களா?”

நெடுநேரம் கேட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார். “படுத்துக்கலாமாம். வாடகை கேக்கிறாங்க.”

“நம்ம வூட்டுக்கா?”

“பௌர்ணமின்னா தலைக்கு ஆயிரம்னு நான்தான் காலைல சொன்னேனாம்.”

“பாப்பாவுக்காவது பாதி கேளுங்க.”

கேட்டார். “கொழந்தைக்கும் முழு ரேட்டுன்னு அதையும் நானே சொன்னேனாம்.”

சொந்த வீட்டு ஹாலில் ஓர் இரவு படுக்க, வரிசையில் நின்றபடியே அவர் அனுப்பியது மூவாயிரம் ரூபாய்.