கரி எரியும் வரை

மாமனார்: ஏதோ தீயுற வாடை வருதும்மா.

மருமகள்: வரட்டும் மாமா.

மாமனார்: வரட்டுமா? வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு...

மருமகள்: தீயணும்னுதானே இவ்ளோ தூரம் வந்திருக்கோம். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஜன்னலை ஏத்திக்குங்க.

மாமனார்: பஸ் ஓட்டின காலத்துல இப்படி வாடை வந்தா, முதல்ல ஓரங்கட்டுவேன். அப்புறம் எல்லாரையும் இறக்கிவிடுவேன். ஜன்னலை ஏத்திக்கச் சொன்ன முதல் ஆளு நீதான்.

மருமகள்: இப்ப ஓரங்கட்டினா பட்ட பாடெல்லாம் வீணு. மறுபடி முதல்லேருந்து தொடங்கணும்.

மாமனார்: எதைத் தொடங்கணும்? 'சும்மா பைபாஸ் வரைக்கும் போயிட்டு வரலாம் வாங்க மாமா'ன்ன. நானும் காத்தாட ஒரு சவாரின்னு சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

மருமகள்: மீட்டர்ல ஒரு மஞ்ச லைட்டு பத்து நாளா எரியுதுல்ல...

மாமனார்: ஆமா, அதைப் பத்தித்தானே வீட்டுல தினம் பாட்டு.

மருமகள்: அதை அணைக்கத்தான் வந்திருக்கோம்.

மாமனார்: ஓ... மத்தியானம் வண்டியைப் பார்க்க ஒருத்தர் வர்றாருன்னு என் பையன் சொன்னானே.

மருமகள்: அவரு வர்றதுக்குள்ள அணைஞ்சாகணும். லைட்டு அணைஞ்சா வண்டியை விக்கிறதில்லைன்னு நேத்து சாப்பிடும்போது உங்க பையனே வாயால சொன்னாரு. இவளால எங்க முடியப்போகுதுங்கிற நினைப்புல சொல்லியிருப்பாரு. சொன்னது சொன்னதுதானே.

மாமனார்: நாம இங்க இருக்கிறது அவனுக்குத் தெரியுமா?

மருமகள்: தெருமுனை வீட்டுக்குத் தண்ணி கேன் போட்டுட்டு வர்றேன்னு சொன்னேன்.

மாமனார்: என்னையும் கூட்டிக்கிட்டா?

மருமகள்: உங்களைப் பத்தி அவரு கேக்கலை. நானும் சொல்லலை.

மாமனார்: சரிதான்... பைபாஸ்ல இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்க இல்ல?

மருமகள்: ம்... எத்தனையோ தடவை.

மாமனார்: அப்புறம் மூச்சு எதுக்கு இப்படி வாங்குது?

மருமகள்: ஏசி போடலை. அதான்.

மாமனார்: சரி, போட வேண்டாம். ஒண்ணு பண்ணு. முன்னாடி என்ன வருது, பின்னாடி என்ன வருதுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டு.

மருமகள்: எதுக்கு மாமா? நான் என்ன எட்டு போட வந்த ஆளா?

மாமனார்: எங்க டிப்போவுல அது ஒரு பழக்கம். கண்ணு பார்த்ததை வாய் சொல்லிட்டா, மனசு வேற பக்கம் திரும்பாது. சொல்லேன், எனக்கும் பொழுது போகும்.

மருமகள்: முன்னாடி ரோடு காலி. தூரத்துல ஒரு பால் வண்டி. பின்னாடி... யாரும் இல்ல.

மாமனார்: நல்லது. இப்ப சொல்லு, என்ன தீயுது?

மருமகள்: கரி.

மாமனார்: கரியா? டீசல் வண்டியில கரி எங்கேருந்து வந்துச்சு?

மருமகள்: உங்க பஸ்ஸு பின்னாடி கருப்பா புகை விட்டுக்கிட்டுப் போகுமில்ல...

மாமனார்: என் பஸ்ஸை எதுக்கு இழுக்கிற? அது மேட்டுல ஏறும்போது மட்டும்தான். பின்னாடி ஸ்கூட்டர்ல வர்றவன் ஆபீஸ் போய்ச் சேரும்போது மீசை ஒரு சுத்து பெருசாயிருக்கும், அவ்ளோதான்.

மருமகள்: அந்தப் புகைதான் மாமா. இந்த வண்டியில அதை வெளிய விடுறதில்ல. சைலன்சருக்கு முன்னாடி ஒரு டப்பா இருக்கு. உள்ள தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. காத்து போயிடும், கரி மாட்டிக்கும்.

மாமனார்: மாட்டிக்கிட்டா ஒரு நாள் நிறையுமே.

மருமகள்: நிறையும். நிறைஞ்சா அதுவே எரிச்சுக்கும். கொஞ்சம் டீசலைக் கூட விட்டு, டப்பாவை அடுப்பு மாதிரி சூடேத்தி, உள்ள இருக்கிற கரியைச் சாம்பலாக்கிடும். டப்பா பழையபடி காலி.

மாமனார்: அதுவே பண்ணிக்கும்னா நாம எதுக்கு இங்க?

மருமகள்: அதுக்கு வண்டி நிக்காம, ஒரே வேகத்துல, கொஞ்ச நேரம் ஓடணும் மாமா. நான் என்ன பண்றேன்? காலையில எடுத்தா ஒரு வீட்டுல நிறுத்துறேன், கேனை இறக்குறேன், இன்ஜினை அணைக்கிறேன். அடுத்த வீடு. அதுக்கடுத்த வீடு. வண்டிக்கு உடம்பு சூடேறவே நேரமில்ல.

மாமனார்: அதாவது... அடுப்பைப் பத்த வைக்கும். நீ போய்த் தண்ணி ஊத்தி அணைச்சுடுவ.

மருமகள்: தினம் தினம். நான் இறங்கினப்புறமும் உள்ள ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும். இதே வாடை வரும். என்னடா இதுன்னு யோசிப்பேன், அடுத்த கேனைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். அது பாவம், 'எரிச்சுக்கிட்டு இருக்கேன், அணைக்காத'ன்னு கத்தியிருக்கு. எனக்குத்தான் விளங்கலை.

மாமனார்: ஒர்க்‌ஷாப்புல டப்பாவையே மாத்தணும்னு சொன்னானாமே?

மருமகள்: ஒருத்தன் மாத்தணும்னான். இன்னொருத்தன், டப்பாவை அறுத்துத் தூக்கி எறிஞ்சுட்டு வெறும் குழாயை வச்சுத் தர்றேன்னான். உங்க பையனுக்கு அதுல ஒரு ஆசை. நான் தினம் கேன் போடுறது பள்ளிக்கூடத் தெருவுல. அந்தப் புகையை யார் மூக்குல விடுறது? முடியாதுன்னுட்டேன்.

மாமனார்: அப்புறம் இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?

மருமகள்: வண்டி வாங்கின இடத்துக்கே போய் அந்த சூப்பர்வைசரை விடாம கேட்டேன். எதுக்கு நிறையுது, எப்ப எரியும், எப்ப எரியாது... 'டீ குடிச்சுட்டு வர்றேம்மா'ன்னாரு. 'வாங்க, நானும் வர்றேன்'னு கூடவே போனேன். கடைசியில, லைட்டு சும்மா எரியுற வரைக்கும் பயமில்ல, மின்னி மின்னி எரிஞ்சாதான் ஒர்க்‌ஷாப்புக்கு வரணும்னாரு. ஒரு தடவை நல்லா ரோட்டுல விட்டுப் பாருன்னாரு.

மாமனார்: இப்ப மின்னுதா?

மருமகள்: இல்ல. சும்மாதான் எரியுது.

மாமனார்: நல்லது. முன்னாடி என்ன?

மருமகள்: பால் வண்டி போயிடுச்சு. ஒரு லாரி... ஐயோ.

மாமனார்: என்ன ஐயோ?

மருமகள்: கம்பி ஏத்தின லாரி மாமா. பின்னாடி துருத்திக்கிட்டு இருக்கு, நுனியில சிவப்புத் துணி. நத்தை மாதிரி போகுது. என் வேகமும் குறையுது... இப்படிக் குறைஞ்சா எரியறது நின்னுடும்.

மாமனார்: தாண்டிடு.

மருமகள்: தாண்டவா?

மாமனார்: பின்னாடியே போறதுன்னா போ. உன் லைட்டு, உன் வண்டி.

மருமகள்: ...பக்கத்து லேன்ல பின்னாடி ஒரு பஸ் வருது.

மாமனார்: கண்ணாடியில அது பெருசாகுதா, அப்படியே இருக்கா?

மருமகள்: பெருசாகுது.

மாமனார்: அப்ப அதைப் போகவிடு. அவசரமில்ல. கம்பிக்கு நல்லா இடம் விட்டு இரு.

மருமகள்: போன் வேற அடிக்குது. அவருதான். நீங்க எடுங்களேன் மாமா, பச்சையைத் தொட்டா போதும்.

மாமனார்: எனக்கு இந்தத் தடவுற போனெல்லாம் வராது. அடிச்சு ஓயட்டும் விடு. பஸ் போச்சா?

மருமகள்: போகுது... போயிடுச்சு.

மாமனார்: அதுக்குப் பின்னாடி?

மருமகள்: ஒரு காரு. சின்னதா தெரியுது. அப்படியேதான் இருக்கு.

மாமனார்: தோள் பக்கமா ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்க. காலின்னு உனக்குத் தோணுதா?

மருமகள்: தோணுது.

மாமனார்: அப்ப இன்டிகேட்டரைப் போடு. போ.

மருமகள்: ...

மாமனார்: பேசும்மா.

மருமகள்: லாரிக்குப் பக்கத்துல போறேன். சக்கரம் என் உயரத்துக்கு இருக்கு மாமா. முடியவே மாட்டேங்குது, எவ்ளோ நீளம் இது...

மாமனார்: லாரியைப் பார்க்காத. ரோட்டைப் பாரு. இன்ஜின் சத்தம் நல்லாத்தான் இருக்கு, காலை எடுத்துடாத.

மருமகள்: லாரி முன்பக்கம் வந்துட்டேன்... தாண்டிட்டேன். தாண்டிட்டேன் மாமா. கண்ணாடியில அந்த லாரி முழுசா தெரியுது.

மாமனார்: தெரிஞ்சா மெதுவா உன் லேனுக்கு வா. ம். இப்ப மூச்சு விடு.

மருமகள்: விட்டுட்டேன்.

மாமனார்: வேகம்?

மருமகள்: பழையபடி வந்துடுச்சு. வாடையும் அடிக்குது. இவ்ளோ நாறுற வாடை இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சே. அங்க மேல ஒரு பெரிய பலகை வருது. என்ன போட்டிருக்கு மாமா?

மாமனார்: ஓட்டுறது நீயா, நானா? நீயே படி.

மருமகள்: நேரா போனா ஆத்துப்பாலம். திரும்பினா ஊருக்குள்ள.

மாமனார்: எந்தப் பக்கம்?

மருமகள்: ஊருக்குள்ள போனா சிக்னல்... நிக்கணும். பாலம்னா... அது ரொம்ப உயரம் மாமா. கீழ தண்ணி.

மாமனார்: தண்ணி விக்கிறவளுக்குத் தண்ணியைப் பார்த்து என்ன பயம்?

மருமகள்: நீங்க இருக்கீங்களே... சரி. நேராவே போறேன்.

மாமனார்: ஏறியாச்சா?

மருமகள்: ஏறிட்டேன். காத்து வண்டியைத் தள்ளுது. பிடிச்சுக்கிட்டேன். முன்னாடி ரெண்டு காரு, தூரத்துல. கீழ ஆறு, அதுல ஒரு படகு. நான் பார்க்கலை, தானா கண்ணுல பட்டுச்சு... பாதி வந்தாச்சு. இறக்கம் தெரியுது... மாமா.

மாமனார்: என்னாச்சு?

மருமகள்: மாமா.

மாமனார்: அட, என்னம்மா? பயமுறுத்தாத.

மருமகள்: லைட்டு இல்ல.

மாமனார்: இல்லைன்னா?

மருமகள்: அணைஞ்சிருச்சு. மஞ்ச லைட்டு அணைஞ்சே போச்சு. பாலத்து மேலயே அணைஞ்சிருச்சு மாமா.

மாமனார்: அடிச்சக்கை. நிறுத்தாத, இறங்கு முதல்ல. அகலமா இடம் வந்ததும் ஓரங்கட்டலாம்.

மருமகள்: இதோ, பெட்ரோல் பங்க் பக்கத்துல பெரிய இடம். வந்துட்டோம். இப்ப இன்ஜினை அணைக்கப் போறேன். காதை வச்சுக் கேளுங்க.

மாமனார்: ...

மருமகள்: ஃபேன் ஓடுதா?

மாமனார்: ஒரு சத்தமும் இல்லம்மா. உங்க அத்தை கோவிச்சுக்கிட்டா வீடு இருக்குமே, அந்த மாதிரி அமைதி.

மருமகள்: இப்ப திரும்ப ஸ்டார்ட் பண்றேன். ...இல்ல. வரலை. லைட்டு வரலை. நாளைக்கும் கேன் போடுவேன், நாளன்னைக்கும் போடுவேன். வாரத்துல ஒரு நாள் இவளை இங்க கூட்டிட்டு வந்து ஓடவிட்டா போதும்.

மாமனார்: இவளா? வண்டி எப்ப பொம்பளை ஆச்சு?

மருமகள்: இப்பத்தான். மறுபடி போன் அடிக்குது. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. ...ஏங்க, சொல்லுங்க.

போனில் மகன்: எங்க இருக்க நீ? தெருமுனைக்குப் போக இவ்ளோ நேரமா? அவரு வந்து உக்காந்திருக்காரு.

மருமகள்: டீ குடுத்து அனுப்பிடுங்க. வண்டி விக்கிறதுக்கில்ல. லைட்டு அணைஞ்சிருச்சு.

போனில் மகன்: அணைஞ்சிருச்சா? யாரு பார்த்துக் குடுத்தது?

மருமகள்: யாரும் இல்ல. பைபாஸ்ல ஓட்டினேன். கரி எரிஞ்சு போச்சு. அவ்ளோதான் அதுக்கு வேண்டியிருந்தது.

போனில் மகன்: பைபாஸ்லயா? நீயா? வண்டி வாங்கினதிலேருந்து ரயில்வே கேட்டைத் தாண்டாதவ நீ. பைபாஸ்னு சொன்னாலே சாவியை என்கிட்ட குடுத்துடுவியே.

மருமகள்: கேட்டைத் தாண்டியாச்சு. கம்பி லாரியைத் தாண்டியாச்சு. ஆத்துப்பாலத்தையும் தாண்டியாச்சு. நேத்து சொன்னது ஞாபகம் இருக்கில்ல?

போனில் மகன்: ...இருக்கு. சரி, சொல்லி அனுப்பிடுறேன். நீ மெதுவா வா.

மருமகள்: மெதுவால்லாம் வர மாட்டேன், அவளுக்கு அது ஆகாது. ஒரே வேகத்துல வர்றேன். வச்சுடுறேன்.

மாமனார்: 'எத்தனையோ தடவை'ன்னு சொன்ன...

மருமகள்: பொய்தான் மாமா. இன்னிக்குத்தான் முதல் தடவை. முன்னாடியே சொன்னா ஏறியிருப்பீங்களா? பஸ் ஓட்டின கண்ணு பக்கத்துல இருக்கு, நான் கவனிக்காம விட்டாலும் அது விடாதுங்கிற ஒரே தைரியம்தான். அந்த லாரியைத் தாண்டும்போது என் கண்ணை நான் நம்பவே இல்ல. உங்க கண்ணைத்தான் நம்பினேன்.

மாமனார்: அந்தக் கண்ணைப் பத்தித்தாம்மா... போன வாரம் டாக்டர்கிட்ட காட்டினேன், வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. ரெண்டுலயும் புரை முத்திப் போச்சாம். ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாம், நீதான் கூட்டிட்டுப் போகணும். லாரி இருந்துச்சு, பஸ் வந்துச்சு, ஆத்துல படகு போச்சுங்கிறதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டுக்குள்ள பழகின இடம், எப்படியோ சமாளிச்சுடுறேன்; வெளிய எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது... வீட்டுலேருந்து இதுவரைக்கும் ரோட்டைப் பார்த்தது நீ ஒருத்திதான்.