சபாபதியின் வெறும் வயிறு

…அதான் கேக்கறேன் தங்கச்சி, ஒரு மனுசனை எத்தினி வாட்டி பட்டினி போடுவாங்க? மொத வாட்டி பச்சை கவுனு மாட்டி உக்கார வெச்சாங்க. அப்பறம் ‘இன்னிக்கு ஆபரேஷன் இல்ல சபாபதி சார், வீட்டுக்குப் போங்க’ன்னுட்டாங்க. ரெண்டாவது வாட்டியும் அதே கூத்து! இதோ, இன்னிக்கு மறுபடியும் கவுனு. உன் வீட்டுக்காரரு குடுத்து வெச்சவரும்மா, பக்கத்து கட்டில்ல குறட்டை வுட்டுக்கினு கீறாரு.

எனக்கு இன்னா வியாதியா? ஒண்ணுமில்ல. தறியில குந்திக்கினு இருந்தேன், குறுக்கு நூலை ஓட்டற நாடாக்கட்டை கையிலேந்து நழுவி வுழுந்துச்சு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. அவ்ளோதான்! அதுக்குப் போயி மூளையை படம் புடிச்சு, கழுத்தை படம் புடிச்சு… கழுத்துல ரத்தக்குழா சுருங்கிடுச்சாம். மேல போற ரத்தம் கம்மியாம். மூளைக்குள்ள வெள்ளைப் பகுதின்னு ஒண்ணு இருக்குதாம்மா, இங்கேந்து அங்க சேதி கொண்டு போற இழைங்களாம், அதுங்க அங்கங்க கெட்டுப் போச்சாம். நான் வுட்டேனா? ‘அறுந்த இழையை முடிஞ்சு ஓட்டறதுதான் சார் எங்க பொழப்பே, நீங்களும் ஒரு முடிச்சு போடுங்க’ன்னேன். அந்த டாக்டரு சிரிக்கவே இல்ல! ‘கெட்டது கெட்டதுதான், குழாயை சுத்தம் பண்ணா அடுத்த ஸ்ட்ரோக்கை தடுக்கலாம்’ங்கறாரு, மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கினு.

எங்க வுட்டேன்? ஆங், பட்டினி. ரெண்டு வாட்டியும் ஏன் தள்ளிப் போச்சுன்னு கேளேன்… சிரிக்கக் கூடாது. மொத வாட்டி எம் மச்சான் கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க வந்தான், கையில மந்தார இலையில கட்டின கோயில் இட்லி. மொளகும் சுக்கும் கமகமன்னு… பிரசாதம்மா! வேணாம்னா சாமி கோச்சுக்காது? ஒரே ஒரு துண்டு. அப்பறம் மயக்க மருந்து டாக்டரு கிட்ட நானே சொல்லிட்டேன், ரொம்ப நல்லவன் மாதிரி. ரெண்டாவது வாட்டி… அது வந்து… மச்சானை நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன்.

முறைக்காதம்மா! எம் பொண்டாட்டி மஹாலட்சுமிக்கு இது தெரியாது, மருந்து வாங்க கீழ போயிருக்குது. பயம்மா எனக்கு. கழுத்துல கத்தி வெக்கறப்போ மிச்சம் கீறதும் கெட்டுப் போச்சுன்னா? கண்ணு முழிச்சா எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியலன்னா? இப்பவே பேத்தி பேரு டக்குன்னு வாயில வர மாட்டேங்குது. ‘கண்ணு, கண்ணு’ன்னு கூப்ட்டு சமாளிச்சுக்கினு கீறேன்.

அத்த வுடு. கொஞ்சம் கிட்ட வா… இன்னிக்கும் மச்சான் வந்துட்டுப் போயிட்டான். பொட்டலம் இதோ, தலகாணிக்கு அடியில. இன்னும் பிரிக்கல. நர்ஸம்மா வந்தா மட்டும் ஒரு சத்தம் குடு… ஏய், ஏம்மா புடுங்கற? எங்க எடுத்துக்கினு போற? அது நர்ஸ் ரூம்பும்மா! தங்கச்சி! …குடுத்தே குடுத்துட்டியா? பாத்தா சாதுவா இருந்தியே!

சரி, வந்து தொலை. உக்காரு. அதோ, வண்டி தள்ளிக்கினு வர்றாங்க பாரு… மஹாலட்சுமிய இன்னும் காணம். அது வர்ற வரைக்கும் என் கையைக் கொஞ்சம் புடிச்சுக்கம்மா. இது இல்ல, அந்தக் கை. இதுல புடிச்சா எனக்குத் தெரியாது.