மிதக்கும் பூச்சி

பூச்சி கட்ட நல்ல வெளிச்சம் வேண்டும். அதனால்தான் சமையலறை ஜன்னலை ஒட்டி மேசையைப் போட்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் கையில் எடுத்துப் பார்ப்பது நிஜப் பூச்சி இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகை விசிறிபோல நிற்க வைத்துக் கட்டியது. அந்த இறகுதான் அதை மிதக்க வைக்கும். ஆற்றிலிருந்து எழும் பூச்சியின் நிறம், வால், இறக்கை எல்லாம் அச்சு அசலாக இருந்தால்தான் ட்ரௌட் மீன் ஏமாறும்.

என் தம்பிக்கு இதெல்லாம் கேலி. கடையில் விற்கும் எதையாவது மாட்டி வீசுவான். கூடை நிறையப் பிடித்தும் வருவான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் மனைவியிடம், "அண்ணன் எங்க மீன் பிடிக்கிறாரு அண்ணி? மீனுக்குச் சட்டை தைக்கிறாரு" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த வாரம் அவனை நான் வழக்கமாகப் போகும் இடத்துக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு அந்த இடம் புதிது. நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டிருந்தான். அதற்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை எழவிடாது.

"எந்தப் பக்கம் ஆழம் கம்மிண்ணா?"

"அந்தப் பாறைக்கு அப்பால. மணல்தான், தைரியமாப் போ."

போனான். காலுக்கடியில் தரை இல்லை. "அண்ணா, கம்பை நீட்டுண்ணா" என்று கத்தினான். கையிலிருந்த தூண்டில் கம்பை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து என் பூச்சியை ஒரு மீன் கவ்வியது. அவசரப்பட்டால் நூல் அறுந்துவிடும். நிதானமாக இழுத்துக் கரை சேர்த்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஆற்றில் யாரும் இல்லை.

தம்பி மனைவி உங்களிடம் எனக்காகப் பரிந்து பேசினாளாம். "பாவம் சார், மாமா பயத்துல கையும் ஓடாம காலும் ஓடாம நின்னுட்டாரு" என்றாளாம். ஊரும் அதையே சொல்கிறது. நீங்களும் விபத்து என்று எழுதி முடிக்கப் பார்க்கிறீர்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டனுப்பினேன்.

பயமா, எனக்கா? அங்கே பள்ளம் இருப்பது தெரிந்துதான் கையைக் காட்டினேன். தம்பியைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பயந்துவிட்டேன் என்று எழுதினால் போட மாட்டேன். எனக்கும் மானம் மரியாதை இருக்கிறது.