கேளாமல் கொடுத்த ஞானஸ்நானம்

பெயர்: சவிரிமுத்து மக்டலீன். வயது: 47. முகவரி: குருநகர், யாழ்ப்பாணம். தொழில்: தாதி, வைத்தியசாலையின் குறைமாதக் குழந்தைகள் விடுதி. சமயம்: றோமன் கத்தோலிக்கம். திடீர் மரண விசாரணை அதிகாரி முன்னிலையில் கூறுவதாவது:

இருபது வருடங்களாகத் தாதியாக இருக்கிறேன். கை கழுவாமல் வந்த வைத்தியர்களையும் விடுதி வாசலில் மறித்துத் திருப்பியிருக்கிறேன்.

கடந்த ஓகஸ்ட் 6ஆம் திகதி சாவகச்சேரியைச் சேர்ந்த உதயகலா என்பவருக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்த ஆண் குழந்தை எங்கள் விடுதிக்கு வந்தது. மறுநாள் காலை, குழந்தை பின்னேரம்வரை தாங்காது என்று வைத்தியர் சொன்னார். அதன் பின்னர் மதியம் பன்னிரண்டரை மணியளவில், மற்றத் தாதி சாப்பிடப் போயிருந்த வேளையில், நான் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். சாகக் கிடக்கும் பிள்ளை மோட்சம் சேர யாரும் அதைக் கொடுக்கலாம் என்பது எங்கள் சமய வழக்கம். தாய் சைவசமயத்தவர். கேட்டால் வேண்டாமென்பார் என்று தெரிந்தே அவரிடம் நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஊசி ஏற்றுவதற்கு அவரிடம் ஒப்பம் வாங்கியதும் நான்தான்.

கிருமிநீக்கிய தண்ணீர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு அதுவே போதும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் கேளாமல், நாலு மாதத்துக்கு முன், ஈஸ்டருக்கு முதல்நாளான பெரிய சனியன்று கோயிலில் ஆசீர்வதித்த தண்ணீரை என் கைப்பையிலிருந்த சின்னப் போத்தலிலிருந்து மூன்று தரம் தலையில் ஊற்றினேன். அது வழிந்து, மருந்து ஏற்றத் தலையில் ஊசி குத்தியிருந்த இடத்தையும் நனைத்தது.

குழந்தை அன்று சாகவில்லை. அடுத்த இரண்டு நாளும் தேறி வந்தது. என் செபம் கேட்கப்பட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதன் பின்னர் காய்ச்சல் கண்டு, இரத்தத்தில் கிருமி பரவி, 12ஆம் திகதி காலை இறந்தது. விடுதிக் குழாய்கள் முதற்கொண்டு பரிசோதித்தும் கிருமி எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. போத்தலை நானே ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் அதே கிருமி இருந்தது.

அதன் பின்னர் எங்கள் கோயில் பங்குச் சுவாமியாரிடம் போனேன். ஆண்டவர் எண்ணத்தைத்தான் பார்ப்பார் என்று அவர் ஆறுதல் சொன்னார். எண்ணத்தைப் பார்த்தவர் போத்தலையும் ஒருக்கால் பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அதன் பின்னர் சாவகச்சேரிக்குப் போய் உதயகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"மிஸ், பிள்ளை இப்ப உங்கடை மோட்சத்திலை எண்டால், நான் செத்தாப் பிறகு அவனை எங்கை போய்ப் பாக்கிறது?"

அந்தக் கேள்வியையும் பதிந்துகொள்ளும்படி கேட்கிறேன்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது, அத்தனையும் உண்மை. வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யும்படி கேட்கப்பட்டேன். கை வைக்க மனம் வரவில்லை. ஆகவே என் பெயரால் மட்டும் உறுதி கூறி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. மக்டலீன்