அடைத்துக்கொண்ட நாசில்

இருந்தவர்கள்:
வானதி. துரைக்கண்ணுவின் மகள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்துப் பிரிக்கும் சென்னை வேலையைப் போன மாதம் விட்டுவிட்டு வந்தவள்.
தமிழரசன். அவள் தம்பி. அப்பாவோடு வயல் பார்ப்பவன்.

இல்லாதவர்கள்:
துரைக்கண்ணு, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில். அவர் மனைவி ரெங்கம்மாள், அதே வார்டின் வாசலில்.

குடவாசல் பக்கம் அவர்கள் வீடு. புதன்கிழமை காலை.

— வேற வார்த்தை போட்டுத் தேடிப் பாருக்கா.

— நாலு தடவ மாத்திட்டேன்டா. களைக்கொல்லி பேரு போட்டேன், நுரையீரல் போட்டேன், கிட்னி போட்டேன். அதே மூணு கட்டுரைதான் திரும்பத் திரும்ப வருது.

— பெரிய லைப்ரரின்ன? டாக்டருங்களே அதத்தான் தேடிப் படிப்பாங்கன்ன?

— ஆமா. எத்தன பேருக்கு என்ன மருந்து குடுத்தாங்க, அதுல எத்தன பேரு பொழச்சாங்க, அத எல்லாம் சேத்துப் பாத்து எழுதறது. ஊர்க்கத கெடையாது.

— அப்ப படி. தமிழ்ல சொல்லு.

— முறிவு மருந்து இல்ல. அது மொத வரி.

— அத டாக்டரே சொல்லிட்டாரு. ரெண்டாவது வரி?

— எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து ரெண்டு சேத்துக் குடுத்துப் பாத்துருக்காங்க. கொஞ்சம் பலன் இருக்கலாமாம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாதாம். ஆய்வுல இருந்த ஆளுங்க போதாதாம்.

— இவ்ளோ படிச்சவங்க, தெரியலன்னுதானா எழுதி வெச்சிருக்காங்க?

— தெரியலன்னு எழுதறதுக்குத்தான்டா படிக்கணும்.

— பக்கத்து வயல் பக்கீர் பாய் சொன்னாரு, நாகூர்ப் பக்கம் ஒருத்தர் இதே மருந்து குடிச்சுப் பொழச்சு, இப்ப கறிக்கடை வெச்சிருக்காராம்.

— எவ்ளோ குடிச்சாரு? எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனாரு?

— அதெல்லாம் பாய் சொல்லல. கறி நல்லாருக்கும்னு மட்டும் சொன்னாரு.

— சிரிக்க வெக்காதடா. வேற எதையோ அமுக்கிடுவேன். நேத்து இந்தக் கட்டுரை எழுதுன டாக்டரம்மாவுக்கே மெயில் போட்டேன், எங்கப்பாவுக்கு என்ன பண்ணலாம்னு.

— பதில் வந்துச்சா?

— வந்துச்சு. லீவுல இருக்காங்களாம், இருபதாந்தேதி வருவாங்களாம். மிஷின் அனுப்புது.

— இருபதாந்தேதி.

— ம்.

— ஆக்ஸிஜன் பத்திப் போடுக்கா. ஏன் வெக்க மாட்டேங்கறீங்கன்னு அந்த நர்ஸம்மாகிட்ட கத்துனேன்ல.

— பாத்துட்டேன். இந்த விஷம் நுரையீரல்ல உக்காந்துக்கிட்டு ஆக்ஸிஜன வெச்சுத்தான் அரிக்குமாம். குடுக்கக் குடுக்க வேகமா அரிக்கும். வேற வழியே இல்லன்னாத்தான் வெப்பாங்க.

— அப்ப அந்தம்மாதான் சரி.

— அவங்கள நீ என்னென்ன பேசுன!

— பேசுனேன். இப்ப போயி கால்ல விழவா?

— விழு. ஒண்ணும் கொறஞ்சு போக மாட்ட.

— அப்பா நல்லாத்தானக்கா பேசுறாரு? காலையில போன்ல, நாத்தங்கால்ல தண்ணி நிக்குதா, வடிய விட்டியாங்கறாரு.

— அதுதான்டா இதுல மோசம். கொஞ்ச நாளு நல்லாப் பேசுவாங்களாம். புத்தி தெளிவா இருக்குமாம். அப்பறம்தான் மூச்சுல கைய வெக்கும்.

— யாரா இருந்தாலும் அப்படியா? முன்னாடியே தெரியாதா?

— மொதல்ல வாயி, நாக்கு, தொண்ட. அப்பறம் கிட்னி. நீ இன்னொரு தடவ சொல்லு, எவ்ளோ உள்ள போச்சு? எல்லாமே அளவுலதான் இருக்கு.

— எத்தன தடவக்கா கேப்ப? திங்கக்கெழம காலையில வரப்புப் புல்லுக்கு அடிச்சுக்கிட்டு இருந்தோம். கோரை சாக மாட்டேங்குதுன்னு, டப்பால இருந்தத மொத்தமா ஸ்பிரேயர் டேங்குல கவுத்துட்டாரு அப்பா. தண்ணி பாதிதான். மருந்து பீச்சுற நாசில் அடச்சுக்கிச்சு. வாயில வெச்சு உறிஞ்சுனாரு. ஊர்ல எல்லாரும் பண்றதுதான். நீயும் பாத்துருக்க.

— துப்புனாரா, முழுங்குனாரா?

— அடைப்பு விட்டதும் சட்டுன்னு வாய் நெறைய வந்துடுச்சு. பாதி எறங்கிடுச்சு. வாய்க்கா தண்ணியிலதான் கொப்புளிச்சோம். மத்தியானம் வாந்தி, உடனே ஏத்திக்கிட்டுப் போயாச்சு.

— இட்லி அப்படியே கெடக்கு. நேத்தும் நீ சாப்புடல.

— எறங்கலக்கா. மோர் குடிச்சேன்.

— எனக்கு மட்டும் எறங்குதா? ரெண்டையாவது பிச்சுப் போட்டுக்க.

— காரமா இருக்கு.

— இட்லியா காரம்?

— சாம்பார். விடுக்கா. இதப் பாத்துச் சொல்லு. கம்மியா உள்ள போயிருந்தா? வயசும் கம்மின்னா? அந்த மாதிரி ஆளுங்களப் பத்தி ஆய்வு இருக்கா?

— அப்பாவுக்கு அம்பத்தெட்டு. வயசு கம்மியான ஆளப் பத்தி நமக்கு எதுக்கு?

— சும்மா கேட்டேன்.

— கம்மியாப் போனவங்க பொழச்சிருக்காங்க. சீக்கிரம் போகணும், அதான் கணக்கு. மொத ரெண்டு மணி நேரத்துல போனா, விஷத்த இழுத்துக்கற கரி கரைச்சுக் குடுப்பாங்களாம்.

— மூணாவது நாளு போனா?

— அப்பாதான் அன்னைக்கே போயிட்டாரேடா.

— ஆமால்ல.

— எப்பப் போனாலும் ரத்தம், மூத்திரம் எடுத்துப் பாப்பாங்க. போகாம வீட்டுல இருன்னு எதுலயும் எழுதல. சரி, கெளம்பு. காப்பீட்டு அட்ட எடுத்துட்டேன். அம்மாவுக்குப் பொடவ, அப்பாவுக்கு வேட்டி. வேறென்ன?

— நீ போக்கா. நான் வரல.

— என்னது?

— அசதியா இருக்கு. கதவச் சாத்திட்டுப் படுத்துக்கறேன்.

— அம்மா ரெண்டு நாளா வெறுந்தரையில குந்தியிருக்கு. மகாராசாவுக்குப் படுக்கணுமா?

— நீ வேலைய விட்டுட்டு வந்து ஒரு மாசமாப் படுத்தே கெடக்கல?

— கெடந்தேன். அப்பா சாகக் கெடக்கறப்பப் படுக்கல.

— அம்மாவால அங்க என்னையும் பாக்க முடியாதுக்கா.

— ஒன்ன என்னடா பாக்கறது? எரும மாதிரி இருக்க. எந்திரி. செருப்ப மாட்டு.

— புடிச்சுத் தள்ளாத.

— தள்ளுவேன். எறங்கு. ம், சாத்தியாச்சு. பூட்டியாச்சு. சாவி எம்பையில. இனிமே உள்ள போயிப் படுக்க முடியாது. வண்டிய எடு.

— நீ ஓட்டுக்கா.

— ஏன், அதுக்கும் அசதியா?

— படி எறங்குனதுக்கே மூச்சு வாங்குது. அந்த நாசில மொதல்ல உறிஞ்சுனது நான்தான். வாயில கொஞ்சம் வந்து உள்ள போச்சு, அடைப்பு விடல. ‘தள்ளுடா, ஒனக்கு மூச்சு பத்தல’ன்னு என் கையிலேருந்துதான் அப்பா வாங்குனாரு.