மாப்பிள்ளை வேலை பார்க்கும் சுரங்கம்

புரட்டாசிச் சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் பேச ஆரம்பித்ததும் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

"மகளுக்கு வரன் வந்துச்சுல்லா அண்ணாச்சி, நான் மாப்பிள்ளைய விசாரிக்கல. அவரு வேலை பாக்குற சுரங்கக் கம்பெனியத்தான் விசாரிச்சேன்."

"அதுல என்னத்தப்பா விசாரிக்க?"

"தொழில்ல கெடக்குற பணத்துல எம்புட்டு சொந்தப் பணம், எம்புட்டு வருசக்கணக்கா அடைக்கிற கடன்னு பாத்தேன். பாதிக்குப் பாதி கடன். தோண்டி எடுக்குறதோட விலை எறங்குனாலும் தவணை எறங்காதுல்லா? பொண்ணு பாக்க வந்தப்பவே மாப்பிள்ளையோட அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"பஜ்ஜி தின்னுக்கிட்டிருக்கும்போதா?"

"ஆமா. அவரு தட்டைக் கீழ வச்சிட்டு, 'இந்த வீட்டுக்கு அதே கணக்கப் போட்டா எம்புட்டு வரும்?'னு கேட்டாரு."

"எம்புட்டு?"

"முக்காவாசி பேங்க்கோடது. அவிய உக்காந்திருந்த சோபாகூட தவணைதான். யோசிச்சுச் சொல்றோம்னு எந்திரிச்சுப் போயிட்டாக."

"மக என்ன சொல்லுது?"

"மாப்பிள்ளையப் பிடிச்சுப் போச்சாம். எங்கிட்டதான் பேச மாட்டேங்கா."

அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளப் பாக்கக் கெளம்பிட்டியாக்கும்?"

"வேற யாருகிட்ட போய்ச் சொல்ல? கல்யாணத்துக்கு வாங்குன கடனுக்கு இன்னமும் வட்டி கட்டுற பெருமாளு அவரு. நான் போட்ட கணக்கப் போட்டிருந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவருக்குப் பொண்ணே குடுத்திருக்க மாட்டாக."